சமாந்தரத்துக்கு நான் சொன்ன பொருள்

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மறைத்தது வேறு ஒன்றை. அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிற இந்தத் தமிழ் எழுத்து என் மனைவி சொல்லிக்கொடுத்தது. அவளுக்குச் செய்த தப்பை வேறு எழுத்தில் எழுதினால் அவளால் படிக்க முடியாது. அதனால் இதிலேயே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொச்சியில், மட்டாஞ்சேரியில். அப்பாவுக்கு நகரசபையில் தெருவிளக்கு வேலை. மேலே ஏறி பல்பு மாட்டுபவர் வேறொருவர். அப்பா கீழே ஏணி பிடிப்பவர். ஓய்வு பெறும்வரை ஏணிதான் பிடித்தார். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் எழுதுவது மலையாளம். தமிழ் எனக்கு வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. பழனிக்குப் போனால் பஸ்ஸின் பலகையை யாராவது படித்துச் சொல்லவேண்டும்.

எட்டாம் வகுப்போடு நின்றதும் லைட் கடை ஒன்றில் சேர்ந்தேன். பிறகு நானே ஒரு சின்ன அறை எடுத்து விளக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தேன். கல்யாணம், கோயில் உத்சவம், பள்ளிவாசல் நேர்ச்சை, சர்ச் பெருநாள் என்று எதற்கும் போவேன். இங்கே மாலை பல்பு என்பார்கள், என் மனைவியின் ஊரில் சீரியல் செட். ஆறு வோல்ட் குட்டி பல்பு நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால், வீட்டுக்கு வருகிற இருநூற்று நாற்பது வோல்ட்டை நாற்பதும் பங்கு போட்டுத் தாங்கும். ஒன்று போனால் நாற்பதும் அணையும். அப்படிக் கோத்த சரங்கள் பத்தைப் பக்கம் பக்கமாக ஒரே லைனில் சேர்த்தால், ஒரு சரம் போனாலும் மற்ற ஒன்பது எரியும். எங்கள் தொழில் மொத்தமும் இந்த இரண்டு கட்டுதான். ஒன்றன்பின் ஒன்று, பக்கம் பக்கமாக. எனக்கு இது கையில் தெரியும். காகிதத்தில் தெரியாது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அதுதான் என்னைக் கவிழ்த்தது. என் சரங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒரே பல்பு, ஒரே எண்ணிக்கை. அதனால் பக்கம் பக்கமாகச் சேர்த்த பத்துச் சரத்திலும் கரண்ட் ஒரே அளவாகத்தான் ஓடும். இருபது வருஷம் அதை மட்டும் பார்த்தவனுக்கு உலகத்தில் வேறு மாதிரியும் ஓடும் என்று நினைக்கத் தோன்றாது.

என் மனைவி கம்பம் பக்கத்துக்காரி. பிளஸ் டூ வரை தமிழில் சயன்ஸ் படித்தவள். பெண் பார்க்கப் போன இடத்தில் இதைச் சொன்னபோது என் அம்மா, "அதெல்லாம் இங்க எதுக்கு ஆகும்?" என்று என் காதில் கேட்டாள். நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன். கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம் ஒரு பெருநாளுக்கு முந்தின நாள், அணைந்துபோன சரம் ஒன்றைக் கடைத்தரையில் போட்டுவிட்டு, டெஸ்டரை முதல் பல்பில் வைத்து, இரண்டாவதில் வைத்து, மூன்றாவதில் வைத்து வந்துகொண்டிருந்தேன். சாப்பாடு கொண்டுவந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏங்க, ஏன் ஒண்ணுலருந்து வாறீங்க? நடுவுல வச்சுப் பாருங்க."

வைத்தேன். டெஸ்டர் எரிந்தது.

"அப்ப இதுவரைக்கும் நல்லாருக்கு. மிச்சம் இருக்கறதுல நடுவுல வைங்க."

நாற்பது பல்பில் கெட்டுப்போன ஒன்றை ஐந்தாறு தொடலில் பிடித்துவிட்டாள். நான் இருபது வருஷமாக ஒவ்வொன்றாக முதுகு வளைத்துத் தொட்டவன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. சிரிப்பைத்தான் காட்டினேன்.

விளக்கு வாடகை மட்டும் வைத்துக் காலம் தள்ள முடியாது. வீட்டு வயரிங் வேலையும் எடுப்பேன். ஆனால் வயரிங் செய்தால் பெர்மிட் உள்ளவர் கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் பரீட்சை எழுதப் பத்தாம் வகுப்பாவது தேறியிருக்கவேண்டும். நான் எட்டு. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் பெர்மிட் உள்ள ஒரு சேட்டனின் வீட்டு வாசலில் போய் நிற்பேன். அவர் குளித்து, சாயா குடித்து, பேப்பர் படித்து முடித்தபிறகு கையெழுத்துப் போடுவார். ஒருநாள் அப்படி நின்றுவிட்டு வந்து புலம்பிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"அந்தப் பரீட்சைய நான் எழுதட்டுமா?"

முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தேன். அவளுக்குப் பிளஸ் டூ இருக்கிறது. இரண்டு நாளில் எனக்கே ஆசை பற்றிக்கொண்டது. கடையில் வாசலைப் பார்த்த சுவரில், உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், பெர்மிட்டைச் சட்டம் போட்டு மாட்ட ஓர் ஆணி அடித்தேன். பரீட்சைக்கு அப்ளிகேஷன்கூடக் கொடுக்கவில்லை, அதற்குள் ஆணி.

கர்க்கடக மாதம். எங்கள் ஊரில் ஆடி மாதத்துக்கு அதுதான் பெயர். கல்யாணம் கிடையாது, உத்சவம் கிடையாது, மழை மட்டும் உண்டு. பகல் முழுதும் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற காலம். அந்த ஒரு மாதம் கடை எங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆனது. பழைய கேள்வித்தாள்கள் வாங்கி வைத்திருந்தேன். எல்லாம் மலையாளம். அவளுக்கு மலையாளம் காதுக்கு வந்துவிட்டது, எழுத்து வரவில்லை. நான் படித்துச் சொல்வேன், அவள் கணக்குப் போடுவாள். பதிலுக்கு அவள் எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தருவாள். வீட்டில் இருந்த ஒரே தமிழ்ப் புத்தகம் அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த இயற்பியல் புத்தகம். அதில்தான் எனக்கு அனா ஆவன்னா.

வேடிக்கையாகத்தான் இருந்தது. அவள் 'மின்னளுத்தம்' என்பாள். நான் "அது ழ" என்று திருத்துவேன். மலையாளத்துக்காரர்களோடு வளர்ந்தவனுக்கு ழ மட்டும் சுத்தமாக வரும். எழுத்து அவளுடையது, ழ என்னுடையது. அவள் 'பக்க இணைப்பு' என்று சொன்னபோது, "பக்கத்து வீட்டுக் கம்பியில கொக்கி போடறதா?" என்று கேட்டேன். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என் வாழ்க்கையில் நல்ல மாதம் எது என்று கேட்டால், ஒரு வேலையும் இல்லாத அந்த மாதத்தைத்தான் சொல்வேன்.

அந்த மாதத்தில்தான் ஒரு நாள் அந்தக் கணக்கு வந்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. முதலில் இரண்டு ஓம் தடை ஒன்று. அதைத் தாண்டிக் கம்பி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் மூன்று ஓம், இன்னொன்றில் ஆறு ஓம். பிறகு கிளைகள் சேர்ந்து பேட்டரிக்குத் திரும்புகின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை ஆம்பியர் ஓடும், எத்தனை வோல்ட் விழும்?

படத்துக்கு மொழி வேண்டாமே. நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அவள் பாதி போட்டுவிட்டாள். மூன்றையும் ஆறையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் இரண்டு ஓமுக்குச் சமம். அதோடு முன்னால் இருக்கிற இரண்டு, மொத்தம் நாலு. பன்னிரண்டை நாலால் வகுத்தால் மூன்று ஆம்பியர். முதல் தடையில் ஆறு வோல்ட் விழும், கிளைகளுக்கு மிச்சம் ஆறு வோல்ட். இதெல்லாம் சரி என்று எனக்கே பட்டது. அடுத்து, கிளைகளில் கரண்ட் எப்படிப் பிரியும் என்று எழுதப் போனாள். நான்தான் தடுத்தேன்.

கேள்வியில் 'சமாந்தரம்' என்று இருந்தது. மலையாளத்தில் பக்க இணைப்புக்கு அதுதான் வார்த்தை. என் எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்ததே இல்லை. ஆனால் எழுத்து தெரியும் என்பதால் பொருளும் தெரியும் என்று எனக்கு ஒரு தைரியம்.

"பார், இதுலயே சொல்லிட்டான். சமாந்தரம். சமம்னா சமம். கரண்ட் ரெண்டு பக்கமும் சமமாப் பிரியும். மூணு ஆம்பியர், ரெண்டு வழி. ஒண்ணரை, ஒண்ணரை."

"அந்தரம்னா?"

"அந்தரத்துல தொங்கறது. நீ எழுது."

அவள் எழுதவில்லை. பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அதெப்பிடிங்க? மூணு ஓம்ல ஒண்ணரை ஓடுனா நாலரை வோல்ட். ஆறு ஓம்ல ஒண்ணரை ஓடுனா ஒம்பது வோல்ட். ரெண்டு முனையும் ஒரே எடத்துலதான கட்டியிருக்கு? ஒரு எடத்துக்கு ரெண்டு வோல்ட் எப்பிடி வரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வராது.

"நீ அவ்வளவு தூரம் போகண்டா. கேட்டதுக்கு மாத்திரம் எழுது. இருபது வருஷமா இத நான் கையில வச்சுப் பாக்கறேன். சரத்துக்குச் சரம் ஒரே கரண்ட்தான்."

"நம்ம வீட்டுலயே இஸ்திரிப் பெட்டியும் பல்பும் ஒரே கரண்ட்டா இழுக்குது? இஸ்திரிப் பெட்டி போட்டா மீட்டர் என்னமாச் சுத்துது!"

"அது வீடு," என்றேன். "இது பரீட்ச."

இப்போது நினைத்தாலும் வாயைக் கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது. இஸ்திரிப் பெட்டி பல்பைவிட அதிகம் இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? தடித்த கம்பி எதற்குப் போடவேண்டும், மெல்லிய கம்பி எதற்குப் போதும் என்று வீடு வீடாகப் போய்ச் செய்கிறவன் நான். கைக்குத் தெரிந்ததை வாய் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பரீட்சை என்பது வேறு ஏதோ உலகம், அங்கே வேறு கரண்ட் ஓடும் என்று நினைத்துவிட்டேன்.

அவள் "சரிங்க" என்றாள். நோட்டில் ஒன்றரை, ஒன்றரை என்று எழுதினாள். நான் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

எழுத்துப் பரீட்சைக்குக் கேள்வித்தாளைத் தமிழில் கேட்டு வாங்கினோம், தேறிவிட்டாள். அதில் அந்தக் கணக்கு வரவில்லை. சேதி தெரிந்த அன்று சந்து முழுக்க லட்டு கொடுத்தேன். இனி செய்முறைப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அந்தக் காலையில் இரண்டு பேரும் போட் ஏறி எர்ணாகுளம் போனோம். அவள் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். போட்டில் நான் கடைசி உபதேசம் செய்தேன்.

"அவங்க குழப்பப் பாப்பாங்க. ஒண்ணு எழுதினா அதுல நில்லு. மாத்தினா போச்சு. பிரியற எடத்துல சமம். மறக்கண்டா."

பரீட்சை நடந்தது நீளமான ஒரு கூடத்தில். வெளியே வராந்தா. கம்பி போட்ட ஜன்னல்கள். மழைச் சாரலுக்காகக் கதவுகளைப் பாதி சாத்தி வைத்திருந்தார்கள். நான் அவள் மேஜைக்கு நேரான ஜன்னலைத் தேடிப் பிடித்து நின்றுகொண்டேன். மேஜையில் ஒரு பலகை. அதில் மூன்று தடைகள், மூன்று மீட்டர்கள். படத்தைப் பார்த்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. ஒன்று முன்னால், இரண்டு கிளையாக. எங்கள் கடையில் போட்ட அதே கணக்கு, எண்கூட மாறவில்லை. முதலில் மீட்டர்கள் என்ன காட்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். பிறகு கம்பிகளை இணைக்கவேண்டும். அதன் பிறகுதான் சுவிட்ச் போடுவார்கள்.

அவள் குனிந்து மளமளவென்று எழுதினாள். பரீட்சை வாங்க வந்த சார் வயதானவர், சாந்தமான முகம். ஒவ்வொரு மேஜையாக வந்தவர் அவள் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார். பிறகு கூடத்தில் இருந்த எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"ஒந்நுகூடி நோக்கிக்கோளு. திருத்தான் உண்டெங்கில் இப்போ திருத்தாம்."

ஒருமுறை கூடப் பார்த்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டுமானால் இப்போதே திருத்தலாம் என்று அர்த்தம். எல்லாப் பரீட்சையிலும் சொல்வதுதான். அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். நான் கம்பிக்கு வெளியே நின்று இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க நீட்டி, தராசுத் தட்டு மாதிரி ஒரே உயரத்தில் வைத்துக் காட்டினேன். சமம். சமம்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  பிறகு குனிந்து எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினாள். என் நல்ல காலம், மறந்துபோனதைச் சமயத்தில் ஞாபகப்படுத்திவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த சார் திரும்பி வந்து காகிதத்தைப் பார்த்தார். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. அவளிடம் என்னவோ கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். சுவிட்சைப் போட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன், "என்ன ஆச்சு?"

"மீட்டர் ஒண்ணுல ரெண்டு காட்டுச்சு. ஒண்ணுல ஒண்ணு."

"மீட்டர் கேடாயிருக்கும்."

 திரும்பி வருகிற போட்டில் அவள் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மீட்டர் கேடு என்று பத்துத் தடவை சொன்னேன். பிறகு, "நீ பயந்துபோய்க் கம்பிய மாத்திக் கொடுத்திருப்ப," என்றேன். அதற்கும் அவள், "இருக்கும்ங்க," என்றாள்.

அதோடு விட்டேனா? சந்தில் லட்டு தின்ற அத்தனை பேரும் விசாரித்தார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. "அவளுக்கு பாஷ போரா," என்று சொல்ல ஆரம்பித்தேன். மலையாளம் பத்தாது என்று. கேட்டவர்கள் எல்லாம் ஆமாம் பாவம் என்றார்கள். மளிகைக் கடையில் அவள் முன்னாலேயே சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன். கம்பத்துக்கு போன் போட்டு அவள் அண்ணனிடமும் சொன்னேன். அடுத்த பரீட்சைக்கு நோட்டீஸ் வந்தபோது நான்தான் வாங்கி வந்தேன், அந்த அளவுக்கு எனக்கு நல்ல மனசு. அவள் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"வேண்டாங்க. பாஷ பத்தாதுன்னு நீங்களே சொல்றீங்க. எதுக்கு வீணா."

ஆணியில் காலண்டர் மாட்டினேன். அவள் பஜார் ரோட்டில் ஒரு கோடவுனுக்குச் சுக்குத் தரம் பிரிக்கப் போக ஆரம்பித்தாள். பெரியது, சின்னது, உடைந்தது, பூச்சி விழுந்தது. காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஐந்து. அவள் வரும்போது சேலையிலிருந்து சுக்கு வாசம் வரும். காய்ச்சல்காரன் வீடு மாதிரி இருக்கிறது என்று அதையும் கிண்டல் செய்திருக்கிறேன்.

தமிழ்ப் பாடம் மட்டும் நிற்கவில்லை. விடுமுறை நாளில் காபி குடித்துவிட்டு நான் அந்த இயற்பியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவேன். எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே தப்பைத் திருத்துவாள். பரீட்சை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்க இணைப்பு என்று தலைப்புப் போட்ட பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் எழுத்தை மட்டும் பார்த்துப் படித்துக்கொண்டு போனேன். பக்கமாக இணைத்த எல்லாத் தடைக்கும் மின்னழுத்தம் ஒன்றே. மின்னோட்டம் அப்படி அல்ல. எந்தக் கிளையில் தடை குறைவோ அதில்தான் அதிகம் ஓடும்.

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று புரிந்தது. மூன்று ஓமில் இரண்டு, ஆறு ஓமில் ஒன்று. மீட்டர் கேடாகவில்லை. அவள் கம்பியை மாற்றிக் கொடுக்கவில்லை. பாஷை போதாமல் இருந்தது எனக்கு.  நிமிர்ந்து பார்த்தேன். அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வரியப் படிங்க," என்றாள்.

படித்தேன். அடுத்த வரியைப் படித்தேன், அதற்கடுத்த வரியையும் படித்தேன். அந்த நிமிஷம் புத்தகத்தை மூடிவிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தால், அடுத்த நோட்டீஸுக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். சொல்லவில்லை. இத்தனை பேரிடம் பாஷை போதாது என்று சொல்லியாகிவிட்டது, இனி எப்படி மாற்றுவது என்று மானம் பார்த்தேன். நாளைக்குச் சொல்லலாம், மழை முடியட்டும், உத்சவக் காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அப்படியே பதினோரு வருஷம் போய்விட்டது.

இந்த வருஷம்தான் வாயைத் திறந்தேன். அதுவும் நானாகத் திறந்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. பழைய அரிசிக் கோடவுன் ஒன்றை வெளியூர்க்காரர்கள் வந்து உட்காருகிற சாயாக்கடையாக மாற்றினார்கள். கூரையில் பழைய மாதிரி பெரிய கம்பி பல்புகள் தொங்கவேண்டும் என்று கேட்டார்கள். முன்கூடத்தில் பதினெட்டு, பின்கூடத்தில் ஆறு. வேலை என்னுடையது. கையெழுத்துப் போட, பெர்மிட் உள்ள ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பேன்ட் போட்டு, இடுப்பில் மீட்டர் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மத்தியானம். என் மனைவி சுக்குக் கோடவுன் இடைவேளையில் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள்.

அந்தப் பெண் விளக்குகளைப் போட்டுவிட்டு, பிரியாத பெரிய கம்பியில் மீட்டரைக் கவ்வ வைத்தாள். ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. கிளைக் கம்பிக்கு மீட்டரைக் கொண்டுபோனாள். தூக்குவாளியோடு நின்ற என் மனைவி அண்ணாந்து பல்புகளைப் பார்த்தாள்.

"அதுல நாலரைக்கு மேல வரும். இதுல ஒண்ணரையும் சில்லறையும்," என்றாள். யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மீட்டர் நாலு புள்ளி ஏழு காட்டியது. அடுத்ததில் ஒன்று புள்ளி ஆறு.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "சேச்சி இது படிச்சதாணோ?"

"இல்ல மோளே. நான் சுக்குக் கோடவுன்ல," என்றாள் என் மனைவி.

சோற்றைப் பாதியில் மூடி வைத்தேன். அவள் கோடவுனுக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் இருந்தது. முக்கில் இருக்கிற கடையில் சாயா வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். தப்பு என்கிற தமிழ் வார்த்தை அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

"அன்னிக்கு நான் சொல்லித் தந்தது தெற்றா இருந்து," என்றேன்.

எதைப் பற்றி என்று அவள் கேட்கவே இல்லை. "தெரியும்ங்க," என்றாள்.

"எப்போ தெரிஞ்சது? நான் புஸ்தகம் படிச்சப்பவா?"

"அன்னிக்கே. நீங்க சாப்பிடப் போனப்புறம் ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். ரெண்டு, ஒண்ணுதான் வந்துச்சு. பரீட்சையிலயும் மொதல்ல அதத்தான் எழுதினேன்."

அந்த சார் தலையை ஆட்டியது அப்போதுதான் எனக்கு விளங்கியது.  "பின்னே ஏன் வெட்டினே?" என்று கேட்டேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் மிச்சச் சாயாவைக் குடித்து முடித்துக் கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"அது வீடு, இது பரீட்சன்னு சொன்னீங்கள்ல. பரீட்சன்னுதான் மொதல்ல எழுதினேன். நிமிந்து பாத்தா ஜன்னல்ல வீடு நின்னுச்சு. வீட்டப் பாத்து எழுதிட்டேன்."

இனியாவது எழுதேன், நான் கூட வரவே மாட்டேன், ஜன்னல் பக்கமே நிற்கமாட்டேன் என்றேன். அவள் சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை, கோபமும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கணக்கு மறக்கலங்க," என்றாள். "ஆசதான் மறந்துபோச்சு."

கோடவுனில் இரண்டு மணிக்கு மணி அடித்தார்கள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, சேலையில் ஒட்டியிருந்த சுக்குத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் எழுந்து போனாள்.